சோளகத்துக்கு ஒதுக்கு

நான் வேலை செய்யும் நில அளவை அலுவலகத்தில் தினமும் என் கையால் எழுதப்படும் சொல் ஒன்று உண்டு: 'ஒதுக்கு'. வரைபடத்தில் வீதியின் இரண்டு பக்கமும் யாருக்கும் சொந்தமில்லாமல் விடப்படும் துண்டு வீதி ஒதுக்கு. கடலோரமாக விடுவது கடற்கரை ஒதுக்கு. குளத்தைச் சுற்றி விட்டால் குள ஒதுக்கு. அதற்குள் மதில் கட்டக்கூடாது, கொட்டில் போடக்கூடாது. கட்டி முடித்துவிட்டு வந்து நிற்பவர்களோடு மல்லுக்கட்டுவதுதான் என் உத்தியோகத்தில் பாதி. "தங்கச்சி, ஒரு முழம்தானே உள்ளுக்கை வந்திருக்கு, கோட்டைக் கொஞ்சம் தள்ளிக் கீறினால் என்ன?" என்பார்கள். கோடு தள்ளாது. நானும் தள்ளமாட்டேன். பிறகு வீட்டுக்குப் போய் என்னைப் பற்றி என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும், சொல்லட்டும்.

எழுவைதீவில் பிறந்தவளுக்கு இந்தச் சொல்லை அலுவலகம் கற்றுத்தரத் தேவையிருக்கவில்லை. எங்கள் வீட்டில் ஒதுக்கு என்றால் காற்றுப் படாத கரை. தென்மேற்கில் இருந்து சோளகம் அடிக்கும் மாதங்களில் தீவின் வடக்கும் கிழக்கும் ஒதுக்கு. வாடைக்காற்று எழும்பினால் எல்லாம் தலைகீழ். அதற்கேற்றபடி படகுகளைக் கரை மாற்றிக் கட்டுவார்கள். ஒரு கரையில் கடல் நுரை தள்ளிக்கொண்டு நிற்கும். மற்றக் கரையில் முழங்கால் தண்ணீருக்குள் ஓடுகிற மீன்குஞ்சு தெளிவாகத் தெரியும். இந்தக் கரையில் இருந்து அந்தக் கரைக்கு நடந்தால் ஒரு கதை சொல்லி முடிக்க முன்னர் போய்ச் சேர்ந்துவிடலாம். இவ்வளவு சின்ன ஊரில் எப்படி இரண்டு விதமான கடல் என்று கேட்கிற வெளியூர்ச் சிநேகிதிகளுக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

இது மனிதருக்கு மட்டும் தெரிந்த சங்கதி அல்ல. ஆட்டுக்குட்டி பனையின் எந்தப் பக்கத்தில் படுத்திருக்கிறது என்று பார்த்தால் காற்று எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடலாம். மீனும் அப்படித்தான். கடலுக்கு அடியில் கல் மேடாகக் கிடக்கும் இடத்தை நாங்கள் பார் என்போம். கடல் கலங்கினால் மீன் பாரின் பின்பக்கம் போய் ஒதுங்கும். மீன் எங்கே ஒதுங்குகிறதோ அங்கே என் அண்ணை போவார்.

கரையேறி வீட்டுக்குள் வந்தால் இதே சொல் பார்க்கிற வேலை கொஞ்சநஞ்சம் இல்லை. என் கணவர் கரம்பொன்காரர். சாப்பிட இருந்தால் கறிவேப்பிலை, இரம்பை, கடுகு, வெந்தயம் எல்லாவற்றையும் கோப்பையின் ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டு, கறியில் வாசம் காணாது என்று குறை சொல்வார். அலுவலகத்தில் நான் கீறும் ஒதுக்குகூட அவ்வளவு நேராக இருக்காது. அண்ணையின் மனைவி, என் மச்சாள், வீடு ஒதுக்கினால் அது இன்னொரு விதம். என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள்; அன்றைக்கே என் கொப்பிகளையும் சேர்த்து அடுக்குவாள். அவள் ஒதுக்கி வைத்த சாமானை மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் அந்தோனியாருக்குத்தான் மெழுகுதிரி கொளுத்த வேண்டும். மனுசரையும் ஒதுக்குவார்கள். அதற்குச் சண்டைகூடத் தேவையில்லை, இருக்கிற கதிரையைக் கொஞ்சம் அங்காலே இழுத்துப் போட்டால் போதும்.

இத்தனைக்குள்ளும் ஒரே ஒரு பொருள்தான் எனக்கு ஆகாது. கரை ஒதுங்குவது. சாதாழைப் பாசி ஒதுங்கும், கிழிந்த வலை ஒதுங்கும், எந்த நாட்டுக்காரருடையது என்று தெரியாத செருப்பு ஒற்றையாக ஒதுங்கும். அதுகளோடு எனக்குக் கோபமில்லை. சண்டைக் காலத்தில் வேறு சிலவும் ஒதுங்கின. அதில் இருந்து, "கரை ஒதுங்கியிருக்காம்" என்று யாராவது வாயெடுத்தால், என்ன ஒதுங்கியது என்று கேட்காமலே நான் எழும்பிப் போய்விடுவேன்.

போன சோளகத்தில் ஒரு சனிக்கிழமை பகல் முழுக்க அந்த ஒரு வசனம் என் காதில் விழுந்துவிடக்கூடாது என்று நான் பட்ட பாட்டைத்தான் சொல்ல வந்தேன். நல்லபடியாக முடிந்த கதை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். எனக்கே பொறுமை கிடையாது, மற்றவர்களை எதற்கு வதைப்பானேன்?

எனக்குக் கூடப் பிறந்தவர் அண்ணை ஒருவர்தான். அறுபது தாண்டியும் கடலை விடவில்லை. அவரும் மகனும் சேர்ந்துதான் தொழிலுக்குப் போவார்கள். அந்த மகன், என் மருமகன், கலியாணம் முடித்து அப்போது சில மாதங்கள்தான். பெண் கிளிநொச்சிப் பக்கம், வயல் செய்கிற குடும்பம். வாய்க்கால் தண்ணீரைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, சுற்றிவரக் கடல் இருக்கிற ஊருக்கு வந்து, உப்புக் கிணற்றோடும் படகு நேரத்தோடும் மாரடித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் மாமி என்றால் மச்சாள் என்பதால் என்னைக் 'கரம்பொன் மாமி' என்று கூப்பிடுவாள். வாய் நிறையக் கதைப்பாள், கேள்வி மேல் கேள்வி கேட்பாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. மச்சாளுக்கு இன்னும் பிடிபடவில்லை.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து, ஊர்காவற்றுறையில் படகு ஏறி நான் அங்கே போயிருந்தேன். படகு எஞ்சினுக்கு ஏதோ சில்லறைச் சாமான் வாங்க வேண்டும் என்று மருமகன் அன்று காலையே யாழ்ப்பாணம் போயிருந்தான். மறுநாள் பின்னேரப் படகில்தான் திரும்புவான். ஒரு நாள் வீட்டில் இருந்தால் அண்ணைக்குக் கை கால் உளையும். தனியாகப் போய் வருகிறேன் என்று சனிக்கிழமை விடிய முன்னர் வெளிக்கிட்டார்.

நாங்கள் மூன்று பெண்களும் குசினிக்குள் நின்றோம். அண்ணை வாசலைத் தாண்டிக் காலை எடுத்து வைக்கிறார், அந்தப் பிள்ளை கேட்டாள்:

"மாமா, எங்கை போறியள்?"

மச்சாளின் கையில் இருந்த பானை மூடி கீழே விழுந்தது. விழுந்ததா, போட்டாளா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்.

எங்கள் பக்கத்தில் வீட்டை விட்டு இறங்குகிறவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்கமாட்டோம். கேட்டால் போகிற காரியம் கெட்டுவிடும் என்பார்கள். தரையில் போகிறவரிடம் மிஞ்சிப்போனால் "தூரமோ?" என்போம், அவரும் "இல்லை, கிட்டத்தான்" என்பார், அதோடு சரி. கடலுக்குப் போகிறவரிடம் அதுவும் இல்லை. அவர் இறங்குகிற நேரம் பெண்கள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்போம். ஆண்கள் தங்கள் வசதிக்குக் கட்டிவைத்த பழக்கம் இது என்பது என் அபிப்பிராயம். நல்ல மீன் கிடக்கிற இடத்தைப் பெண்சாதிக்குச் சொன்னால் அது கிணற்றடிக்குப் போகும், கிணற்றடிக்குப் போனால் ஊருக்குப் போகும். அபிப்பிராயம் கிடக்கட்டும், நானும் ஒருநாளும் கேட்டதில்லை. என்னைப் பெற்ற ஐயா கடலுக்குப் போன காலத்திலும் கேட்டதில்லை, அண்ணையையும் கேட்டதில்லை.

கிளிநொச்சியிலும் இந்தப் பழக்கம் இல்லாமல் இல்லை. ஆனால் அங்கே காலையில் இறங்குகிறவர் வயலுக்குத்தான் போவார், வரம்பில் நின்று பார்த்தால் ஆள் தெரியும். யாரும் அவ்வளவு பெரிதாக எடுப்பதில்லை போலும்.

அண்ணை திரும்பி உள்ளே வந்தார், கதிரையில் இருந்தார், ஒரு செம்புத் தண்ணீர் குடித்தார், கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் எழும்பிப் போனார். அப்படிச் செய்தால் கேட்ட தோஷம் கழியும். இந்தக் கூத்தில் தேத்தண்ணி ஊற்றி வைத்த சுடுதண்ணிப் போத்தலை மறந்துவிட்டார். பிள்ளை அதைத் தூக்கிக்கொண்டு வேலிப் படலைக்கு ஓடினாள். திரும்பி வந்தவளிடம் மச்சாள் சொன்னாள்:

"பிள்ளை, இண்டைக்கு உந்த வாயைத் திறவாதையும். அவர் வந்து சேருமட்டும் ஒரு கதையும் வேண்டாம்."

"ஓம் மாமி."

"தெரியாமல் கேட்டது, விடு மச்சாள்" என்றேன் நான்.

"தெரியாட்டி வாயை வைச்சுக்கொண்டு இருக்கோணும்."

விடிந்து வெயில் ஏறும்போதே சோளகம் பிடித்துக்கொண்டது. வழக்கமான காற்றுத்தான், ஆனால் வழக்கமான நேரத்துக்கு முன்னரே வந்துவிட்டது. பனைகள் எல்லாம் ஒரு பக்கமாகத் தலையை விரித்துக்கொண்டு சத்தம் போட்டன. படகுகள் ஒவ்வொன்றாக வடகரைக்கு வந்தன. வந்தவர்கள் எல்லோரும் நனைந்து, கண் சிவந்து, "அப்பாடா" என்று மணலில் குந்தினார்கள். அண்ணையின் படகு வரவில்லை. போன் எடுத்தால், தொடர்புகொள்ள முடியாது என்று ஒரு பெண் மூன்று மொழியிலும் சலிக்காமல் சொன்னாள். அந்தப் பெண்ணின் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

மத்தியானம் ஆனபோது தேடிப் போக மூன்று படகு தயாராகிவிட்டது. எங்கள் ஊரில் அதற்கு யாரும் யாரையும் கெஞ்சத் தேவையில்லை. எஞ்சினைப் பூட்டிவிட்டு அவர்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"அண்ணை எந்தப் பக்கம் போனவர்?"

நான் மச்சாளைப் பார்த்தேன். மச்சாள் என்னைப் பார்த்தாள். படகுக்காரர் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அங்கே நின்றவர்களில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால்தான் அதிசயம், கேட்காமல் இருப்பதில் அத்தனை பேரும் அத்தனை கவனமாக இருந்திருக்கிறோம்.

"கிழமை முழுக்கத் தெற்கைதானே போனவர், அனலைதீவுப் பக்கம்" என்றார் ஒருவர். மற்றவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். தெற்கே போனவர் என்றால் பயம் குறைவு. அங்கே தீவுக்குத் தீவு ஒதுக்கு உண்டு. எஞ்சின் நின்றாலும் காற்று இழுத்துக்கொண்டு வந்து ஏதாவதொரு கரையில் சேர்க்கும். வடக்கே போனவர் என்றால் கதை வேறு. காரைநகரைத் தாண்டிவிட்டால் சோளகம் ஆளைத் திறந்த கடலுக்குக் கொண்டுபோய்விடும், பிடித்துக்கொள்ள ஒரு கரை கிடையாது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நான் வரைபடத்தோடு பிழைக்கிறவள், எனக்குச் சொல்லத் தேவையில்லை. மூன்று படகும் தெற்கே போயின.

வீட்டுக்கு வந்தோம். மச்சாள் அந்தோனியாரின் படத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தினாள். காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அவர். பிறகு அவள் வீடு ஒதுக்கத் தொடங்கினாள். பயம் வந்தால் அவள் செய்வது அதுதான். அலுமாரியில் இருந்த உடுப்பெல்லாம் வெளியே வந்து திரும்ப உள்ளே போயின. குசினிப் போத்தல்கள் இடம் மாறின. அண்ணையின் சாரங்களை மடித்தாள், உதறினாள், திரும்ப மடித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இருந்து தொலையன்!" என்று கத்திவிட்டேன். அவள் சாரத்தை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே நிலத்தில் இருந்தாள். அதைப் பார்க்க, கத்தாமல் இருந்திருக்கலாம் போல இருந்தது.

அயல் பெண்கள் வந்து கூடினார்கள். யாருக்கு யார் சொன்னார்களோ, காலையில் நடந்தது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. "விடியக்காலமை ஆரோ வழி மறிச்சுக் கேட்டதாமே" என்று ஒருத்தி இழுத்தாள். பெயர் சொல்லவில்லை. கதிரைகள் வட்டமாகப் போடப்பட்டிருந்தன, அந்த வட்டத்தில் புதுப் பெண்ணுக்கு ஒன்று இல்லை. அவளும் அங்கே இல்லை.

முகம் கழுவலாம் என்று கிணற்றடிக்குப் போனேன். அவள் குசினிச் சுவருக்கு வெளியே, காற்று நேராக வந்து மோதுகிற பக்கத்தில், மணல் கண்ணுக்குள் அடிக்க நின்றுகொண்டிருந்தாள்.

"இஞ்சாலை வாரும் பிள்ளை. உந்தக் காத்துக்குள்ளை ஏன் நிக்கிறீர்? ஒதுக்கிலை வந்து நில்லும்."

வந்தாள். வந்து சுவரில் சாய்ந்துகொண்டு, வாயைத் திறக்காமல் நின்றாள். அழுதால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

"கரம்பொன் மாமி" என்றாள் கடைசியில். "நான் கேட்டதாலைதான் எண்டு எல்லாரும் சொல்லுகினம்."

என் பொறுமை அதோடு அறுந்தது. அவளில் அல்ல, அந்தக் கதிரை வட்டத்தில், பானை மூடியில், கேட்காமலே ஐம்பது வயசைத் தாண்டிய என்னில். "கேட்டதாலை சோளகம் வருமெண்டால் உலகத்திலை ஒருத்தரும் வாயைத் திறக்கேலாது! கேட்டனீர். அதிலை என்ன? கேட்டதுக்கு அவர் என்ன சொன்னவர், அதைச் சொல்லும்!"

கோபத்தில் கொட்டிய பேச்சு. சொல்லி முடிந்த பிறகுதான் நான் என்ன கேட்டேன் என்று எனக்கே உறைத்தது. காலையில் குசினியில் அண்ணை பதில் சொல்லவில்லை. ஆனால் அவள் படலைக்கு ஓடினாள் அல்லவா?

அவள் என்னைப் பார்த்தாள். "ஒருத்தருக்கும் சொல்லாதையும் எண்டு சொன்னவர், மாமி."

"என்னெண்டு?"

"போத்தலை வாங்கேக்கை சிரிச்சவர். 'கேட்டுப்போட்டீர், பதில் சொல்லாமல் போனால் நீர் பகல் முழுக்க யோசிச்சுக்கொண்டிருப்பீர்' எண்டவர். காரைநகர் வெளிச்சவீட்டுக்கு வடக்கை ஒரு பார் இருக்காம். அங்கை போறாராம். 'ஒருத்தருக்கும் சொல்லாதையும், பிறகு ஊரே அங்கை வந்திடும்' எண்டு சொன்னவர். மாமியும் வாய் திறக்கவேண்டாம் எண்டவ. சொன்னால் காரியம் இன்னும் பிழையாய்ப் போயிடுமோ எண்டு..."

வடக்கு.

எனக்குப் பயம் இன்னும் கூடியது. அதே நேரத்தில், இதை எப்படிச் சொல்வது, நிம்மதியாகவும் இருந்தது. எங்கே தேடுவது என்றே தெரியாமல் பயப்படுவதற்கும், தேடவேண்டிய இடத்தைத் தெரிந்துகொண்டு பயப்படுவதற்கும் பெரிய வித்தியாசம். அவளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கரைக்கு ஓடினேன். செருப்பு எங்கே கழன்றது என்று தெரியாது. ஓடுகிற வழியில், நான் ஓடும் காட்சியைப் பார்த்து ஒரு மாடு வழி விட்டது.

கரையில் நின்றவர்களிடம் சொன்னேன். ஒருவரும் அவளை ஏன் முதலில் சொல்லவில்லை என்று கேட்கவில்லை. போனை எடுத்துக் காரைநகரில் தெரிந்த படகுக்காரரைக் கூப்பிட்டார்கள். அங்கிருந்து அந்தப் பார் கிட்ட. கடற்படைக்கும் சொன்னார்கள். தெற்கே போன படகுகளையும் திரும்பச் சொன்னார்கள். பிறகு செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. மச்சாளும் வந்து சேர்ந்தாள். மூன்று பேரும் மணலில் இருந்தோம்.

காத்திருந்த நேரத்தைப் பற்றி என்னால் அதிகம் எழுத முடியாது. என் காது முழுக்க அந்த ஒரு வசனத்துக்குப் பயந்துகொண்டிருந்தது. போன் அடித்தால் எவராவது, "கரை..." என்று தொடங்கிவிடுவார்களோ என்று. அண்ணை சின்ன வயதில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு இந்தத் தண்ணீருக்குள் நடந்தது, நான் பரீட்சை எழுதப் போன நாட்களில் படகுக்கு முந்தியே எழும்பி என்னை எழுப்பியது, என்று ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. எனக்கு அண்ணை வேண்டும். அவ்வளவுதான். வேறு ஒரு யோசனையும் இல்லை.

போன் அடித்தது. வைத்திருந்தவர் காதில் வைத்தார், காற்றில் கேட்கவில்லை, முதுகைத் திருப்பிக்கொண்டு குனிந்தார். பிறகு நிமிர்ந்தார்.

"ஆள் இருக்கிறார். பசிக்குதாம்."

என் வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது என்று எழுதினால் எல்லோரும் எழுதுகிறதுதானே என்பீர்கள். ஆனால் வயிற்றில்தான் இருந்தது. காலையில் இருந்து இறுகிக் கிடந்த வயிறு ஒரேயடியாக இளகி, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மச்சாள் "பசிக்குதாமோ? பசிக்குதாமோ அவருக்கு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே மணலை அள்ளி அள்ளிக் கீழே விட்டாள்.

நடந்தது இதுதான். பாரில் வலையை இழுக்கும்போது கயிறு எஞ்சின் காற்றாடியில் சுற்றி, காற்றாடியைப் பிடித்திருக்கும் 'பின்' என்கிற சின்ன ஆணி முறிந்துவிட்டது. மாற்றுவதற்குக் கையில் இல்லை. மகன் யாழ்ப்பாணத்துக்கு வாங்கப் போனதே அதைத்தான். போன் படகின் அடித் தண்ணீரில் விழுந்து செத்துவிட்டது. காற்று இழுக்க முன்னர் அண்ணை பாரின் பின்பக்கமாக நங்கூரத்தைப் போட்டார். வருகிற அலை எல்லாம் பாரில் உடைந்தால் பின்னால் கொஞ்சம் ஓய்ந்த தண்ணீர் கிடைக்கும். கண்ணுக்குத் தெரியாத, தண்ணீருக்கு அடியில் கிடக்கும் கல்லின் ஒதுக்கு அது. துடுப்பில் நீலத் தார்ப்பாய்ப் படங்கைக் கட்டி நிமிர்த்தி வைத்துவிட்டு, வலையின் மேல் படுத்திருந்தாராம். கேட்டவர்களுக்கெல்லாம் "நல்ல நித்திரை" என்றார். நங்கூரக் கயிறு கல்லில் உரசி உரசிப் பாதியாகத் தேய்ந்திருந்ததை அவர் சொல்லவில்லை. அதைக் காரைநகர்க்காரர் பிறகு சொன்னார்கள்.

காற்றுத் தணிந்த பிறகு கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டார்கள். வீட்டில் ஒரே கலகலப்பு. மச்சாள் சமைக்கத் தொடங்கினாள், ஆனால் மத்தியானம் ஒதுக்கின வீட்டில் உப்புப் போத்தல் எங்கே என்று அவளுக்கே தெரியவில்லை. மிளகாய்த்தூள் பேணியை அலுமாரிக்குள் கண்டெடுத்தோம். காலையில் வழி மறித்த கதை கொண்டுவந்த அதே பெண், "கெட்டிக்காரப் பிள்ளை, முகத்திலேயே தெரியுது" என்று சொல்லிக்கொண்டு புதுப் பெண்ணுக்குத் தன் கதிரையை விட்டு எழும்பினாள். நான் அந்தப் பெண்ணைப் பார்த்த பார்வையில் அவளுக்கு வீட்டில் வேலை ஞாபகம் வந்துவிட்டது. பின்னேரப் படகில் மருமகன் வந்து இறங்கினான். கதையைப் படகிலேயே கேட்டிருந்தான். கையில் எஞ்சினுக்கு வாங்கிய புது 'பின்' சுற்றிய சின்னப் பொதியைப் பிடித்துக்கொண்டு, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் குசினிக்கும் முற்றத்துக்கும் நடந்தான்.

வெயில் சாயும்போது இரண்டு படகு சேர்ந்து வடகரைக்கு வந்தன. பாதி ஊர் அங்கேதான் நின்றது. அண்ணை இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நடந்து வந்தார். முகம் உப்புப் பூத்துக் கறுத்திருந்தது. முதலில் மச்சாளைப் பார்த்து, "ஒண்டுமில்லையப்பா, பின் முறிஞ்சு போச்சு" என்றார், சந்தையில் பை கிழிந்துவிட்டது என்கிற மாதிரி. மச்சாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். பிறகு மருமகளைக் கண்டார்.

"பிள்ளை, ஒருத்தருக்கும் சொல்லாதையும் எண்டெல்லோ சொன்னனான்! ஊருக்கே சொல்லிப்போட்டீர். இனி அந்தப் பாரிலை எனக்கு என்ன மீன் மிஞ்சப்போகுது?"

பகிடிதான். ஊரும் சிரித்தது. ஆனால் விடியற்காலையில் இருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத பிள்ளை, அதைக் கேட்டவுடன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு விம்மத் தொடங்கினாள். அவளின் புருஷன் ஒரு அடி எடுத்து வைக்க முன்னர் மச்சாள் அவளிடம் போய்விட்டாள். அவளை இழுத்துத் தன் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அண்ணைக்கு முன்னால் நின்றாள்.

"அவளோடை பகிடி விடாதையுங்கோ. எந்தப் பக்கம் போனவர் எண்டு ஊர் நிண்டு கேக்குது, முப்பது வருஷம் பெண்சாதியா இருந்த எனக்குத் தெரியேல்லை. வாயை மூடிக்கொண்டு நிண்டனான். கேட்டு வைச்சவள் இவள் ஒருத்திதான்."

சிரித்துக்கொண்டு நின்றவர்கள் எல்லாம் தண்ணீரைப் பார்த்தார்கள். அண்ணை நனைந்த சாரத்தைப் பிழிந்தார். பிழிந்த சாரத்தையே இன்னொருமுறை பிழிந்தார்.

"வடக்கை போனனான்" என்றார் மச்சாளிடம், மெல்லமாக.